30 வருஷ வில்லங்கம் பார்த்தாச்சு... 30 வருஷக் கட்டடத்தைப் பார்த்தாச்சா? பழைய வீடு வாங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய பரிசோதனை!

சென்னையில் 30 ஆண்டு பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கப் போகிறவர் என்னவெல்லாம் செய்வார்? 30 வருடத்துக்கு இ.சி. போட்டுப் பார்ப்பார். தாய்ப் பத்திரம் கேட்பார். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவார். யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று கணக்குப் போடுவார். வாஸ்து பார்க்கத் தனியாக ஆள் கூட்டி வருபவர்களும் நிறைய பேர்.

கட்டடத்தைப் பார்க்க? அதற்கு யாரும் வருவதில்லை. "சார், அந்தக் காலத்து பில்டிங், கல்லு மாதிரி நிக்குது" என்று புரோக்கர் சொல்வார். வாங்குபவர் சுவரை ஒருமுறை தட்டிப் பார்ப்பார், பாத்ரூம் குழாயைத் திறந்து மூடுவார், பால்கனியில் நின்று காற்று வருகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் கை மாற முடிவாகிவிடும்.

பிரிட்டனில் பழைய வீடோ, வழக்கத்துக்கு மாறான முறையில் கட்டிய வீடோ வாங்குபவர்கள், 'லெவல் 3 சர்வே' என்ற விரிவான கட்டட ஆய்வை எடுப்பது சகஜம். கூரை முதல் அஸ்திவாரம் வரை கண்ணுக்கு எட்டிய எல்லாவற்றையும் ஒரு நிபுணர் பார்த்து, எங்கே என்ன கோளாறு, அதை இப்போதே சரி செய்ய வேண்டுமா, விட்டால் என்ன ஆகும் என்று எழுதித் தருவார். நம்மூரில் இப்படி ஒரு வழக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் அதைச் செய்யக்கூடிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களும், சோதனைக் கருவிகளும், ஆய்வகங்களும் இங்கேயே இருக்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.

"பேங்க்ல இருந்து இன்ஜினியர் வந்து பார்த்தாங்களே, போதாதா?"

போதாது. வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் வேலை வேறு. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, இடம் எங்கே, அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, சந்தை விலை என்ன? இதைச் சொல்வதுதான் அவர் வேலை. அவருடைய ரிப்போர்ட்டில் கட்டடத்தின் 'எஞ்சிய ஆயுள்' என்று ஒரு எண் இருக்கும். அது பெரும்பாலும் கட்டிய வருடத்தை வைத்துப் போடும் கணக்கு. தளத்துக்குள் கம்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொன்ன எண் அல்ல.

கடன் கட்டத் தவறினால் வங்கிக்கு நிலத்தின் பங்கு இருக்கிறது. சீலிங் பெயர்ந்து விழுந்தால் அதன் அடியில் படுத்திருப்பது வாங்கியவரின் குடும்பம். இரண்டு பேரும் வேறு வேறு ஆபத்தைப் பார்க்கிறார்கள். அதனால் பேங்க் ரிப்போர்ட்டை நம்பி கட்டடம் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வரக் கூடாது.

திருவொற்றியூரில் நடந்தது என்ன?

2021 டிசம்பர் 27. சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசல் விட்டதைக் கவனித்த குடியிருப்பாளர்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டதால் உயிரிழப்பு இல்லை. அந்தக் கட்டடம் 1993-ல் கட்டப்பட்டது. 30 வயதுகூட நிரம்பவில்லை.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, கான்கிரீட் என்றாலே நூறு வருஷம் நிற்கும் என்பது நம்பிக்கை மட்டும்தான். இரண்டாவது, கட்டடம் விழும் முன் பெரும்பாலும் ஏதோ ஒரு அறிகுறி காட்டுகிறது. அங்கேயே குடியிருப்பவர் கண்ணில் அது படும். வாங்க வரும் ஆளுக்குப் படாது, ஏனென்றால் அவர் வருவதற்குள் புது பெயின்ட் அடித்திருப்பார்கள்.

கான்கிரீட்டுக்குள் என்ன நடக்கிறது?

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருடங்கள் போகப் போக, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பி வரை அது போய்ச் சேர்ந்துவிட்டால் பாதுகாப்பு போச்சு. கூடவே ஈரமும் இருந்தால் துரு ஆரம்பம்.

துருப்பிடித்த இரும்பு அதே அளவில் இருக்காது, 2 முதல் 6 மடங்கு வரை பருக்கும். உள்ளேயிருந்து ஊதும் கம்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பழைய ஃபிளாட்களில் சன்ஷேடின் அடிப்பகுதி பாளம் பாளமாக விழுந்து, கறுத்த கம்பி எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான். அதன்மேல் சிமென்ட் பூசி மறைத்தால் துரு நிற்காது. இரண்டு மழைக்காலத்தில் மறுபடி விழும்.

கடலோரமானால் இன்னொரு வில்லன் உண்டு, உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற பகுதிகளில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கட்டும்போது உப்பு கலந்த போர் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தால் அது பிறவிக் கோளாறு. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. 1990-களில் லாரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் அல்லாடிக் கட்டிய எத்தனை பில்டர்கள் அதைச் சோதித்திருப்பார்கள் என்பது நல்ல கேள்வி.

விதிமுறையே அப்போது வேறு. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும் என்றானது 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அதற்கு முன் எம்15-க்கே அனுமதி இருந்தது. சென்னை நிலநடுக்க மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாற்றப்பட்டதும் 2002-ல்தான். 1990-ல் கட்டிய கட்டடம் அன்றைய சட்டப்படி சரியாகவே கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் இன்றைய அளவுகோலில் அது எங்கே நிற்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

எல்லா விரிசலும் ஆபத்தா?

இல்லை. இங்கேதான் அனுபவமுள்ள இன்ஜினியரின் கண் தேவைப்படுகிறது. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் சிமென்ட் பூச்சு உலர்ந்ததால் வந்தவை. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு பிளவு இருந்தால், இரண்டும் வேறு வேறு பொருள், வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிகின்றன என்று அர்த்தம். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே சுவரில் கிடையாக ஓடும் கோடும் பல நேரம் வெயில் வேலைதான்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல்... இவை வேறு ரகம். அடியில் மண் இறங்கியிருக்கலாம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் பூமியிலும், கோவையின் சில பகுதிகளிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மழைக்கு மண் ஊதும், கோடைக்குச் சுருங்கும், சுவர் அதற்கேற்ப வாய் திறந்து மூடும். மழைக்காலத்தில் பார்த்தால் விரிசல் இருந்த இடமே தெரியாது.

எல்லாவற்றையும்விட கவலைப்பட வேண்டியது பில்லரிலும் பீமிலும், உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே வரும் நீளவாக்கு விரிசல். பக்கத்தில் பழுப்புக் கறையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே துரு. ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கும் ஃபிளாட் என்றால் ஹாலையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் கார் நிற்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொரு பில்லரின் அடிப்பகுதியையும் பாருங்கள். மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது.

ஒரு ஏ.டி.எம். கார்டின் தடிமன் சுமார் முக்கால் மில்லிமீட்டர். பில்லரிலோ பீமிலோ இருக்கும் விரிசலுக்குள் கார்டின் ஓரம் நுழைகிறது என்றால், அது இன்ஜினியரைக் கூப்பிட வேண்டிய விரிசல். கார்டு நுழையவில்லை என்பதால் பில்லர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கான்கிரீட்டில் பொதுவாக அனுமதிக்கப்படும் விரிசல் அகலமே 0.3 மில்லிமீட்டர்தான்.

விரிசல் பழசா, இன்னும் வளர்கிறதா என்று பார்க்கப் பழைய கொத்தனார்கள் ஒரு வேலை செய்வார்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சில வாரம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது. இன்ஜினியர்கள் இப்போது அளவுகோல் போட்ட பட்டையை ஒட்டுகிறார்கள், தத்துவம் அதேதான்.

சுத்தியல், ஒலி அலை, இளஞ்சிவப்பு நிறம்

கண்ணால் பார்த்ததில் சந்தேகம் வந்தால் அடுத்தது கருவிகள். 'ரீபவுண்ட் ஹேமர்' என்ற சுத்தியல் கான்கிரீட் மேல் பட்டு எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். சீக்கிரம் முடியும் சோதனை, அதனால் இதை மட்டும் செய்துவிட்டு ரிப்போர்ட் தருபவர்களும் உண்டு. பழைய கட்டடத்தில் இது ஏமாற்றும். காற்று பட்டுப் பட்டு காரம் இழந்த கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போயிருக்கும். சுத்தியல் நன்றாகத் துள்ளும், ரீடிங் அழகாக வரும், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஒலி அலைச் சோதனையையும் சேர்த்துச் செய்வார்கள். பில்லரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அல்ட்ராசோனிக் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது இது. உள்ளே ஓட்டையோ பிளவோ இருந்தால் அலை சுற்றிக்கொண்டு போகும், வேகம் குறையும். நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் பொதுவாக நல்ல கான்கிரீட். அதற்குக் கீழே போனால் கேள்வி எழுகிறது.

காரம் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்று பார்ப்பது பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி. புதிதாக உடைத்த கான்கிரீட் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். நிறமே மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் கம்பிக்கு இனி காவல் இல்லை. கம்பி ஏற்கெனவே அரிக்கிறதா என்று அறிய 'ஹாஃப் செல்' என்ற மின்னழுத்தச் சோதனை இருக்கிறது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால் அங்கே அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேல், கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் 'கோர்' சோதனை. பலம் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்வது இதுதான். ஆனால் இன்னும் தன் பெயருக்கே வராத வீட்டில் வாங்குபவர் போய் ஓட்டை போட முடியாது. விற்பவர் சம்மதம் வேண்டும், பில்லர் என்றால் அசோசியேஷன் சம்மதமும் வேண்டும். அதனால் எல்லாச் சோதனையும் எல்லா வீட்டுக்கும் என்று நினைக்க வேண்டாம். முதலில் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும், எது தேவை என்று அவர் சொல்வார்.

மெட்ராஸ் டெரஸ், செட்டிநாட்டு வீடு என்றால்?

இங்கே கதையே வேறு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் பலவற்றில் மேற்கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் சின்ன செங்கல்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியாகத் தட்டோடு பதித்த கூரை. கம்பி கிடையாது, அதனால் துருப் பிரச்னையும் கிடையாது. மொத்த பாரமும் அந்த மரக்கட்டையில்.

கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு "தேக்கு சார், இன்னும் நூறு வருஷம் தாங்கும்" என்பார்கள். நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. மழைத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அந்த முனையை ஊறவைக்கும், பின்னாலேயே கரையான் வரும். வெளியே தெரியாது. விவரம் தெரிந்தவர் கட்டையைச் சுவர் ஓரத்தில் தட்டிச் சத்தம் கேட்பார், கூர்மையான ஊசியால் குத்திப் பார்ப்பார். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்தக் கட்டை மாற்ற வேண்டியது.

காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடு வாங்கி ஹோம்ஸ்டேவாகவோ ஹோட்டலாகவோ மாற்றும் ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. ஆத்தங்குடி டைல்ஸ், பர்மா தேக்குத் தூண், பளிங்கு போல மின்னும் சுண்ணாம்புப் பூச்சு என்று பார்த்தவுடன் மனசு போய்விடும். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பதால் வக்கீலுக்கு வேலை அதிகம். கட்டடத்துக்கு வேலை அதைவிட அதிகம். பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும், அந்த ஒரே இடத்தில் ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் இறங்கி, கீழே உத்தரம் உளுத்திருக்கும்.

இந்த மாதிரி வீட்டுக்குப் போகும் இன்ஜினியர் முதலில் தேடுவது சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், உள்ளே ஏறும் ஓதம் மேற்பரப்பு வழியாக வெளியேறிவிடும். யாராவது நல்ல எண்ணத்தில் அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருந்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு பூத்து, பூச்சு பொரிந்து, உள்ளே செங்கலே மாவாகிவிடும். கான்கிரீட் ஃபிளாட் மட்டுமே பார்த்துப் பழகிய இன்ஜினியரை இந்த வீட்டுக்குக் கூட்டிப் போனால் அவர் "எல்லாத்தையும் இடிச்சிட்டு ஆர்.சி.சி. போட்டுடலாம்" என்பார். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டும். கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் இருக்கிறார்கள்.

எப்போது பார்ப்பது? யாரைக் கூப்பிடுவது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். கொடுத்த பிறகு ரிப்போர்ட் வந்தால் பேரம் பேசும் பலம் பாதி போய்விடும். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னிக்கே டோக்கன் போடுங்க" என்ற நெருக்கடி வந்தால், விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: கட்டட ஆய்வில் பெரிய குறைபாடு தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று. வக்கீல் எழுதித் தருவார். விற்பவர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்பதே ஒரு தகவல்.

உள்ளாட்சி அமைப்பிலோ சி.எம்.டி.ஏ.விலோ பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாருங்கள். கருவிச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். ஒரே ஒரு கண்டிஷன், அவர் புரோக்கர் காட்டிய ஆளாகவோ விற்பவரின் சொந்தக்காரராகவோ இருக்கக் கூடாது. கட்டணம் வீட்டின் அளவையும் சோதனைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரிய செலவாகத் தோன்றினால் இப்படி யோசியுங்கள்: முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 60 லட்ச ரூபாய்க்குப் பதிவு செய்யும் வீட்டுக்கு அது மட்டுமே 5.4 லட்சம்.

முடிந்தால் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். மேல் மாடி ஃபிளாட் என்றால் சீலிங்கைப் பாருங்கள். நடு மாடி என்றால் மேல் வீட்டு பாத்ரூம் எங்கே வருகிறதோ அதற்கு நேர் கீழே பாருங்கள். அங்கே மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம். தரைத்தளம் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

வயரிங்கையும் விட்டுவிடக் கூடாது. மூன்று ஏ.சி. ஓடும் என்று யாரும் நினைக்காத காலத்து வயர் அது. எர்த் சரியாக இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

விற்றவர் மறைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 55-ன்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத முக்கியக் குறைபாட்டை, தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'அவருக்குத் தெரியும்', 'சாதாரணமாகப் பார்த்தால் எனக்குத் தெரிந்திருக்காது' என்ற இரண்டையும் வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்குள் பல வருடம் ஓடிவிடும். ரெரா சட்டத்தில் கட்டுமானக் குறைபாட்டுக்கு பில்டர் 5 வருடம் பொறுப்பு என்று இருப்பது, கட்டி ஒப்படைத்த தேதியிலிருந்து. 30 வருட ஃபிளாட்டுக்கு அது உதவாது.

"எப்படியும் இடிச்சுக் கட்டப் போறாங்க, நிலத்துக்குத்தானே காசு" என்பவர்களும் இருக்கிறார்கள். யு.டி.எஸ். கணக்கில் பார்த்தால் வாதம் சரிதான். 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கு எப்போது சேரும்? மூன்றாவது மாடியில் இருப்பவர் வெளிநாட்டில், முதல் மாடியில் பாகப்பிரிவினை வழக்கு. அதுவரை அந்த வீட்டில் படுத்துத் தூங்கப் போவது யார்? வாடகைக்கு விட்டாலும் அங்கே ஒரு குடும்பம் இருக்கும்.

ரிப்போர்ட் வந்துவிட்டது, அடுத்து?

பழைய வீட்டின் ரிப்போர்ட்டில் குறையே இல்லாமல் இருக்காது. பத்துப் பக்கத்துக்குக் குறை எழுதியிருப்பதைப் பார்த்து பயந்து ஓடத் தேவையில்லை. இன்ஜினியரோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எது இப்போதே ஆபத்து? எது ஐந்து வருடத்துக்குள் செய்ய வேண்டிய செலவு? எது என் ஃபிளாட்டுக்குள் நானே சரி செய்துகொள்ளக் கூடியது, எது மொத்த பிளாக்கும் சேர்ந்து செய்ய வேண்டியது?

மூன்றாவது கேள்வி ஃபிளாட் வாங்குபவர்களுக்கு மிக முக்கியம். உங்கள் வீட்டு டைல்ஸை நீங்கள் மாற்றலாம். கீழ்த்தள பில்லரை நீங்கள் மட்டும் சரி செய்ய முடியாது. அசோசியேஷன் கணக்கில் பணம் இருக்கிறதா, கடைசியாக மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் எப்போது செய்தார்கள், மெயின்டனன்ஸ் கட்டாதவர்கள் எத்தனை வீடு என்று விசாரியுங்கள். செயலாளரைப் பார்த்து ஒரு டீ குடித்தால் பாதி விஷயம் வந்துவிடும்.

செலவுக் கணக்கு கைக்கு வந்ததும் அதை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசலாம். "ரெண்டு லட்சம் குறைங்க" என்று வாயால் கேட்பதற்கும், சீலிங் கம்பி சிகிச்சைக்கு இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் வைத்துக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. சிலர் குறைப்பார்கள். சிலர் "அப்படீன்னா வேற வீடு பாருங்க" என்பார்கள். பில்லர் ரிப்போர்ட் மோசமாக வந்திருந்தால் அந்த யோசனையையே கேட்டுக்கொள்ளலாம்.